மாதா வரும் நாளில் மட்டும் சூடு

ஒக்ரோபர் மாதம் வந்தால் எங்கள் ஆட்களுக்கு இரண்டு வேலை. ஒன்று செபமாலை, மற்றது கைசுங் கணக்கு. ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரில் இருந்த மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து மாதா சுரூபத்தை ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோவோம். செபம் முடிந்து, பாட்டு முடிந்து, கட்லட் தட்டு சுற்றி வரும்போது ஆண்கள் கதையைத் தொடங்கிவிடுவார்கள். போன குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கியதற்கு யாருக்கு எவ்வளவு பில் வந்தது என்பதுதான் கதை. மிகக் குறைந்த தொகை சொன்னவருக்கு அன்றைக்கு ஒரு தனி மரியாதை. அவர் ஏதோ சோதனையில் முதலாம் பிள்ளையாக வந்தவர் மாதிரி தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு இருப்பார்.

என் கணவருக்கு அந்த மரியாதை ஒரு வருடமும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டைப் பிடித்த சனியன் அதுதான்.

நான் கலியாணம் முடித்து ஜேர்மனிக்கு வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. அவர் பல வருடங்களுக்கு முன்பே அகதியாக வந்து, ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தார். பழைய வீடு ஒன்றின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரரும் மனைவியும் இருந்தார்கள். வயதான ஜேர்மன்காரர், குறை சொல்ல முடியாத சனங்கள். ஒவ்வொரு அறையிலும் யன்னலுக்குக் கீழே வெள்ளை இரும்பில் ஒரு கைசுங் பூட்டியிருக்கும். கொதிநீர் ஓடி அறையைச் சூடாக்கும் சாமான். பக்கத்தில் இருக்கும் திருகில் ஒன்று தொடக்கம் ஐந்து வரை இலக்கங்கள், அவற்றுக்கும் கீழே ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தில் விட்டால் குழாய்த் தண்ணீர் உறையாது. மனிதர் உறைவதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுக்க நட்சத்திரம்தான்.

இவ்வளவு மிச்சம் பிடித்தும் எங்கள் பில் மற்றவர்களுடையதைவிடக் கூடத்தான் வரும். வீட்டுக்குள் மெல்லிய சட்டையோடு உலாவுகிற குடும்பங்களுக்குக்கூட எங்களைவிடக் குறைவு. இது எப்படி என்று அவர் மண்டையைப் போட்டு உடைத்தார். பில்லில் கடைசி வரியைத் தவிர வேறெதையும் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கடைசியில் தானே ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டுக்குள் கள்ளி ஒருத்தி இருக்கிறாள், அது நான்தான்.

"நான் வேலைக்குப் போன பிறகு நீர் திருப்பி விடுறனீர். இல்லாட்டி இவ்வளவு வராது."

"மாதாவாணை நான் தொடேல்லை."

"அப்ப ஆர் தொட்டது? பேயோ?"

அடுத்த நாளே எல்லாத் திருகுகளையும் நட்சத்திரத்தில் வைத்து ஒட்டுநாடாவால் சுற்றினார். சுற்றிய இடத்தில் பேனையால் ஒரு கோடும் கீறினார், நான் கழற்றி ஒட்டினால் கண்டுபிடிக்க. வேலையால் வந்ததும் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் அறை அறையாகக் குனிந்து அந்தக் கோடுகளைப் பார்ப்பார். கோடு கோடாகத்தான் இருக்கும். பிறகும் பில் கூடத்தான் வரும். அப்போதும் அவருக்கு என்மேல்தான் சந்தேகம். என்னைக் கலியாணம் முடித்துக் கூட்டிவந்த மனுசன், சிறைக்காவலன் கைதியைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

யன்னல் திறக்கவும் தடை. காசு கொடுத்து வாங்கிய சூடு வெளியே போய்விடுமாம். சோறு வடித்த ஆவி, கறி கொதித்த ஆவி, அறைக்குள் காயப்போட்ட உடுப்பின் ஈரம், மூன்று பேர் விட்ட மூச்சு எல்லாம் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த சுவர்களில் போய்ப் படிந்தன. அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்தது. வினாகிரி போட்டு உரஞ்சித் துடைப்பேன். இரண்டு கிழமையில் திரும்பவும் கறுத்துவிடும். அந்தச் சுவரோடுதான் மகளின் கட்டில் கிடந்தது, வேறு இடம் இல்லை.

மகளுக்கு அப்போது நாலு வயது. ஒவ்வொரு குளிர்காலமும் அவளுக்கு இருமல் தொடங்கினால் பங்குனி வரை நிற்காது. நித்திரையில் அவளுடைய நெஞ்சுக்குள் பூனை ஒன்று கத்துவது போலக் கேட்கும். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். எனக்குப் பாஷை அப்போது அரைகுறை, கதைத்ததெல்லாம் என் கணவர்தான். பிள்ளை படுக்கிற அறை சூடாக இருக்கிறதா என்று டொக்டர் கேட்டது எனக்கு விளங்கியது. இவர் ஓம் என்று தலையாட்டினார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"அவருக்கு எங்கட வீட்டு விடுப்புக் கதை என்னத்துக்கு? குளிர் பழகினாப் போகும். முகாமில நாங்கள் கிடந்த குளிருக்கு இது என்ன!"

அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு மாதா வருகிற முறை வந்தது. மத்தியானமே ஒட்டுநாடாவை உரித்து எல்லாத் திருகுகளையும் நாலில் விட்டார். ஆட்கள் வந்து எங்கள் வீட்டில் குளிர்ந்தால் மரியாதை போய்விடும் அல்லவா. கொஞ்ச நேரத்தில் குழாய்கள் டிக் டிக் என்று சத்தம் போட, வீடு மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. மகள் ஸ்வெற்றரைக் கழற்றினாள், காலுறையைக் கழற்றினாள், வெறுங்காலோடு அறைக்கு அறை ஓடினாள். செபமாலையின்போது என் மடியில் கிடந்து நித்திரையானாள். அவளுடைய நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. நான் மாதாவிடம் வேறெதையும் மன்றாடவில்லை, ஆட்கள் கெதியாக எழும்பிப் போகக்கூடாது என்று மட்டும் மன்றாடினேன்.

செபம் முடியக் கணக்குத் தொடங்கியது. பக்கத்துத் தெருவில் இருந்த ஓர் அண்ணை தன் தொகையைச் சொன்னார். எங்களுடையதில் பாதிதான் வரும்.

"நாங்கள் எப்பவும் மூண்டிலதான் விடுறனாங்கள். சின்னப் பிள்ளையள் இருக்கினமெல்லோ" என்றார் அண்ணை, பெருமையே இல்லாமல்.

இவருடைய முகம் செத்துப்போனது. அவர்களுடைய வீட்டுக் குசினியில் சொந்தமாக ஒரு காஸ் கொதிகலன் இருக்கிறது, அதுதான் அவர்களுடைய கைசுங்குகளில் ஓடும் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது, அதற்கென்று தனி மீற்றர் உண்டு என்பதெல்லாம் அங்கே ஒருவரும் பேசவில்லை. தொகையைத்தான் பேசினார்கள். கடைசி ஆள் படியிறங்கிய உடனே இவர் ஒட்டுநாடாவை எடுத்துக்கொண்டு வந்தார். மாதா இன்னும் எங்கள் மேசையில்தான் இருந்தார்.

தை மாதத்தில் ஒரு பின்னேரம் மகளுக்கு மூச்சு எடுபடவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. விலா எலும்புகள் உள்ளே இழுபட, கண்கள் என்னையே பார்த்தபடி இருந்தன. இவர் வேலையில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படிகளில் பாய்ந்து இறங்கிக் கீழ்வீட்டுக் கதவைக் கையால் குத்தினேன். வீட்டுக்காரரின் மனுசி கதவைத் திறந்தார். உள்ளிருந்து வந்த சூடு முகத்தில் அடித்தது. கிழவர் உள்பெனியனோடு மேசையடியில் இருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் யன்னல் சரித்துத் திறந்து கிடந்தது. அதற்குக் கீழே கைசுங் ஐந்தில் கொதித்தது.

மனுசி ஓடிப்போய் அம்புலன்சுக்கு ரெலிபோன் எடுத்தார். கிழவர் மகளின் கையைத் தொட்டுவிட்டுத் திடுக்கிட்டுப் போனார். மேலே ஏன் இப்படிக் குளிர், கைசுங் உடைந்துவிட்டதா, ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். காசு கூட வருகிறது, அதனால்தான் போடுவதில்லை என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார். பிறகு ஒரு சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார். நிலவறையில் இருப்பது ஒரே ஒரு கொதிகலன். முழு வீட்டுக்கும் அதுதான். செலவை வீட்டின் பரப்பளவைப் பார்த்து இரண்டாகப் பிரிக்கிறோம், நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் உங்கள் பங்கு உங்கள் பங்குதான். வாடகை ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது, உங்கள் கணவர் கையெழுத்துப் போட்டவர்.

நான் அந்த யன்னலைப் பார்த்தேன். எங்கள் சூடு அந்த வழியாகத்தான் வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு இவர் பொரித்த எண்ணெய் மணக்கும் உடுப்போடேயே ஓடிவந்தார். மகளின் முகத்தில் ஒக்சிசன் மாட்டியிருந்தது. நான் கிழவர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். கேட்டு முடிய அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

"அப்ப நீர் திருப்பேல்லையோ?"

எனக்குக் கை ஓங்கிக்கொண்டு வந்தது. பிள்ளை கிடந்த கட்டிலைப் பார்த்து அடக்கினேன். அவர் சுவரோடு சாய்ந்து, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

ஆஸ்த்மா என்றார்கள். சுவரில் பூஞ்சணம் இருக்கிறதா, அறை சூடாக இருக்கிறதா என்று அங்கேயும் கேட்டார்கள். இந்த முறை நான்தான் பதில் சொன்னேன். உறிஞ்சுகிற மருந்தும் அதற்கொரு குழாயும் தந்து மகளை வீட்டுக்கு விட்டார்கள். அதற்கிடையில் இவர் சுவரைச் சுரண்டிப் பூச்சு அடித்து, கட்டிலைச் சுவரை விட்டு அறையின் நடுவுக்கு இழுத்து, எல்லாத் திருகுகளையும் ஐந்தில் விட்டிருந்தார். கதவைத் திறந்தபோது கீழ்வீட்டுச் சூடு எங்கள் வீட்டிலும் இருந்தது.

மகள் வாசலில் நின்று தகப்பனை ஒருதரம் பார்த்தாள். பிறகு நேரே கைசுங்குக்குப் போய், இரண்டு கையாலும் திருகைப் பிடித்து, நட்சத்திரம் வரும் வரைக்கும் திருப்பினாள். அந்த வேலைக்கே அவளுக்கு மூச்சு இழுத்தது.

"ஏனம்மா நிப்பாட்டினனீங்கள்?" என்று இவர் மகளிடம் கேட்டார்.

மகள் தொப்பியும் கழற்றாமல் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்குக் குளிரேல்லை அப்பா" என்றாள்.