புருவத்து நடுவே ஓர் ஊசி

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸாக இருந்தேன். கேட்டில் பெண்களின் பைகளைச் சோதிக்கும் செக்யூரிட்டி அக்காவுக்குப் புருவங்களுக்கு நடுவே இரண்டு ஆழமான கோடுகள். சும்மா நின்றாலும் முறைப்பதுபோல் இருக்கும். வேலைக்கு வரும் பெண்கள் ஆபீசில் புகாரே கொடுத்துவிட்டார்கள். அன்று முதல் கட்டைவிரலால் அந்தக் கோடுகளை நீவிக்கொண்டே இருப்பார்.

ஒரு திங்கட்கிழமை என்னிடம் வந்தார். கோடுகளைக் காணோம். ஆனால் இடது இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது.

"இன்னாக்கா ஆச்சு?"

"கும்மிடிப்பூண்டி பார்லர்ல சுருக்கம் போவ ஊசி போட்டுக்கினேன் சிஸ்டர்."

"டாக்டரா போட்டாரு?"

"பார்லர்காரம்மாதான்."

"போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

நெற்றிக்குப் போன கட்டைவிரல் பாதியில் நின்றது. "பஸ்ஸுல ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் தேய்ச்சிக்கினேதான் இருந்தேன்."

தோல் டாக்டரிடம் அனுப்பினேன். தேய்த்ததில் தசையைத் தளர்த்தும் அந்த மருந்து இமைக்குப் பரவியிருக்கலாம், ஊசியே தப்பான இடத்தில் இறங்கியிருக்கலாம். எதுவானாலும் இனி அதை வெளியே எடுக்க முடியாது, இமை தானாக எழும்ப மாதக்கணக்கில்கூட ஆகலாம் என்றாராம்.

"அதுக்குள்ள இன்னொரு கம்ப்ளெயிண்ட் சிஸ்டர்," என்றார் அக்கா. "டூட்டில தூங்குறேனாம்."

அதன்பிறகு அவர் ஒரு கட்டைவிரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பைகளைத் திறந்து பார்ப்பார். என் முறை வந்ததும் என் பையை நானே விரித்துக் காட்டுவேன். நர்ஸாக அவருக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.