சுவரடியில் ஒரு மோட்டார்

பகையை மட்டுமே முதலாகப் போட்டு ஒரு மனிதன் எத்தனை காலம் தொழில் நடத்த முடியும்? அந்தக் கடைசல்காரரின் வாழ்க்கை பன்னிரண்டு ஆண்டுகள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்பா விட்டுப்போன பட்டறையை அண்ணனும் தம்பியும் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுந்தது. இருவரும் ஆசைப்பட்ட லேத், அந்தக் கடைசல் இயந்திரம், தம்பியான இவருக்கு வந்தது. அதை ஓட்டும் மூன்று பேஸ் மின் இணைப்பு அண்ணன் பக்கம் நின்றுவிட்டது. புது இணைப்புக் கேட்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போனார் தம்பி. கட்டடம் இன்னும் இருவர் பெயரிலும் இருப்பதால் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அண்ணனோ தன் பாதியை வீடாக்கிக் குடிவந்துவிட்டார். அந்த இணைப்பு அவருக்கே தேவைப்படவில்லை. ஆனாலும், "லேத்து வேணும்னு அடம்புடிச்சு வாங்கினான்ல, கையால சுத்தட்டும்" என்றார்.

வீட்டு விளக்குக்கு வரும் ஒற்றை பேஸில் லேத்தின் மோட்டார் முனகுமே தவிர அசையாது. தம்பி பழைய இரும்புக் கடையில் அதைவிடப் பெரிய மூன்று பேஸ் மோட்டார் ஒன்றை வாங்கி, இரண்டையும் வீட்டுக் கரண்டுக்கு ஏற்றபடி வயர் மாற்றிச் சுற்றவைத்தார். காலையில் பெரிய மோட்டாரின் புல்லியில் கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுப்பார். வேகம் பிடித்ததும் சுவிட்சைப் போடுவார். ஓடத் தொடங்கிவிட்டால், இரண்டு வயரில் கரண்டை வாங்கி, இல்லாத மூன்றாவது பேஸை அதுவே உண்டாக்கித் தரும். அதிலிருந்து லேத் ஓடும். பெரிய மோட்டாருக்கு பெல்ட் கிடையாது, சுமை கிடையாது. நாள் முழுக்கச் சும்மா சுற்றி இரைய வேண்டும், அவ்வளவுதான்.

அதைப் பொதுச் சுவரின் அடியிலேயே போல்ட் போட்டு இறுக்கினார்.

"கண்டென்சர் வெச்சா பட்டனை அமுக்கினாலே ஓடுமே, கயிறு எதுக்கு?" என்றார் எலக்ட்ரீஷியன். "அந்த மூலைல எடமும் காலியா கெடக்கு. இங்க வெச்சா சுவரே அதிருது."

"அதிரட்டும்."

வேலை பெருமைப்படும்படி இல்லை. ஆழமாக வெட்டினால் லேத் திணறும். மெல்ல மெல்லத்தான் சீவ வேண்டும். மற்றவர்கள் ஒரு நாளில் முடிக்கும் தண்டுக்கு அவருக்கு இரண்டு நாள். பெரிய வேலைகள் வேறு பட்டறைகளுக்குப் போயின. ஒன்பதாம் ஆண்டில், கயிற்றின் முடிச்சு புல்லியில் சிக்கியிருந்ததைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டார். மோட்டார் கயிற்றோடு கையையும் இழுத்தது. வலது தோள் அதன்பின் மேலே எழவில்லை. இடது கையால் இழுக்கப் பழகிக்கொண்டார்.

"கழுதை கெட்டா குட்டிச்சுவரும்பாங்க" என்றார் மனைவி, தோளுக்கு ஒத்தடம் கொடுத்தபடி. "உங்க வீட்ல அந்தச் சுவரும் பாதிப் பாதி."

பன்னிரண்டாம் ஆண்டு அண்ணி முதன்முறையாகப் பட்டறைப் படி ஏறினார். கையில் ஒரு தாள்.

"இந்தாங்க தம்பி, அவரு கையெழுத்து. இனி பாக்க ஒண்ணுமில்லன்னு உங்கண்ணனை ஆஸ்பத்திரில அனுப்பிட்டாங்க. கட்டிலு இந்தச் சுவரோரமாத்தான் கெடக்கு. லைனை வாங்கிட்டு இந்தச் சனியனை நிறுத்துங்க."

"கட்டிலை மாத்திப் போட்டா என்ன அண்ணி?"

"மாட்டேங்கறாரு. சத்தம் தாங்கலன்னு திட்டறதும் அவருதான், இங்கேதான் படுப்பேங்கறதும் அவருதான்."

தம்பி தாளை மடித்தார். "என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"மோட்டாரைப் பத்திதான் சொன்னாரு."

லைன் வர நாற்பது நாளாகும் என்றார்கள் அலுவலகத்தில். "அதுவரைக்கும் மோட்டாரை அந்தக் காலி மூலைக்காவது தள்ளி வையுங்களேன், நாலு போல்ட்டுதானே" என்றார் மனைவி. "நாப்பது நாள்தானே" என்றார் அவர்.

பதினேழாம் நாள் முற்பகலில் அண்ணியின் அலறல் மோட்டார் இரைச்சலையும் மீறிக் கேட்டது. சுவிட்சை அணைத்தார். சுமை இல்லாத மோட்டார் சட்டென்று நிற்காது. தானாக ஓய வேண்டும். அது ஓயும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டுத்தான் சுவருக்கு அந்தப் பக்கம் போனார்.

அண்ணனின் காரியம் முடிந்தபின், சொன்னபடி லைன் வந்தது. எலக்ட்ரீஷியன் லேத் மோட்டாரின் வயரைப் பழையபடி மாற்றி நேராக அதில் இணைத்தார். பட்டனை அமுக்கியதும் ஓடியது; ஆழமாக வெட்டியும் திணறவில்லை. சுவரடி மோட்டாரிலிருந்து லேத்துக்குப் போன வயர்களைக் கழற்றிச் சுருட்டினார்.

"இனி இது எதுக்கு? கடைல எடைக்குப் போட்டுடலாமா?"

"இருக்கட்டும்."

மறுநாள் காலை அவர் இடது கையால் புல்லியில் கயிற்றைச் சுற்றினார். முடிச்சைச் சரிபார்த்தார். இழுத்து, சுவிட்சைப் போட்டார். சுவர் அதிரத் தொடங்கியது. அதன்பிறகுதான் லேத்தின் பட்டனை அமுக்கினார்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். எதற்கென்று மனைவி கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்து அண்ணியும் கேட்டார். அவரோ கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.