கோமதி சித்தியின் இதயத்தில் ஒரு கட்டி

என் சித்தி கோமதி வங்காளிகள் நிறைந்த லேக் கார்டன்ஸுக்கு வாழ வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். காய்கறிக்காரனிடம் வங்காளியில் சண்டை போட்டு ஜெயிப்பாள். முட்டி வலியைத் தவிர ஒரு நோவும் அண்டாத உடம்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

முட்டி ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாக எடுக்கிற இதய எக்கோதான். எடுத்துக்கொண்டிருந்த பெண் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டுப் பெரிய டாக்டரைக் கூட்டி வந்தாள். இதயத்தின் வலது மேலறையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. இதயத்தில்கூடவா கட்டி வரும்? என்ன கட்டி என்று எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும், கான்சராகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். கான்சர் என்ற வார்த்தையை அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். சித்தி திடீரென்று சித்தப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா, உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எதிர் ஃபிளாட் வங்காளி மன்னி, சுமித்ரா பௌதி ஆத்துல பதினாறு வருஷமா மீன் சாப்பிட்டுண்டிருக்கேன். பஜனைக்குப் போறேன்னு சொன்னதெல்லாம் அதுக்குத்தான்."

முட்டை சேர்த்த கேக்கைக்கூட வாசற்படியோடு திருப்பி அனுப்புகிற வீடு அது. கட்டி தந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

லக்ஷ்மிநாராயணன் சித்தப்பா ரசத்தில் உப்பு கூடினாலே தெருவுக்குக் கேட்கக் கத்துகிறவர். அவர் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "போறது, விடு கோமதி. ஆசைப்பட்டே, சாப்பிட்டே" என்றார்.

சித்தியின் முகம் வெளுத்துப்போனது. "பாத்தியாடி, திட்டவே இல்லை" என்று என் காதில் சொன்னாள். "டாக்டர் இவர்ட்ட தனியா ஏதோ சொல்லியிருக்கார். நான் பிழைக்க மாட்டேன்."

மறுநாள் டாக்டர் இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டினார். ஒன்றில் கட்டி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. மற்றது, கொழுப்பு மட்டும் தெரியாதபடி எடுத்த படம். அதில் அதே இடம் கறுத்துக் கிடந்தது.

"மாஷிமா, இது வெறும் கொழுப்புக் கட்டி. கான்சர் இல்லை. ரத்த ஓட்டத்தையும் தடுக்கவில்லை. வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்" என்று சித்தியைப் பார்த்து வங்காளியில் சொன்னார்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். சித்தி நம்பவில்லை. "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றார்" என்றாள். படத்தைக் காட்டி நானும் விளக்கிப் பார்த்தேன். ம்ஹும்.

திரும்பி வரும்போது டாக்ஸி டாலிகஞ்ச் சிக்னலில் நின்றது. முன் சீட்டில் இருந்த சித்தப்பா விருட்டென்று பின்னால் திரும்பினார்.

"பதினாறு வருஷமா? ஏகாதசிக்குக்கூடவா? அந்தக் கையாலதானே எனக்குச் சாதம் போட்டே? ஆத்துக்கு வா, வெச்சுக்கறேன்!"

டிரைவர் மிரண்டுபோய்க் காரணமில்லாமல் ஹார்ன் அடித்தார்.

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். "திட்டறார்டி, ஸ்னேகா" என்றாள். "எனக்கு ஒண்ணும் இல்லேடி."