மோர்க்காரிப் பாறையின் வெள்ளை எச்சம்

செஞ்சிப் பக்கம் சிங்கவரத்தில் குஞ்சம்மாளின் வீட்டுக்கு வழி கேட்டால், "பீ டியூப்பு அம்மாவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். வயது ஐம்பத்தாறு. பதினான்கு ஆடுகள். படிப்பு நாலாம் வகுப்பு. ஆடு மேய்க்கும் மலைச்சரிவில் காட்டு விலங்குகளின் எச்சத்தையும் முடியையும் எடுத்துச் சென்னையிலுள்ள ஆய்வகம் ஒன்றுக்கு மூன்று வருடமாக அனுப்பிவந்தார்.

இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் நெடுமாறன். காட்டில் இறைச்சி தின்னும் விலங்குகளை ஆராய்கிற இளைஞர். ஒரு விலங்கைப் பிடிக்காமல், கண்ணால்கூடப் பார்க்காமல், அது என்ன இனம் என்று சொல்லிவிடலாம் என்றார். எச்சம் வெளியே வரும்போது குடலின் செல்களையும் உரசிக்கொண்டு வருகிறது. அதிலுள்ள டிஎன்ஏவைப் படித்தால் நரியா, காட்டுப்பூனையா, புனுகுப்பூனையா என்று தெரிந்துவிடும். முள்ளில் சிக்கிய முடியின் வேரும் அதையே சொல்லும். குஞ்சம்மாள் முதலில் நம்பவில்லை. பூனை என்று அவர் சொன்னது பூனை என்றே ஆய்வகத்திலிருந்தும் வந்தபோது நம்பினார்.

வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். கை படக் கூடாது. மூங்கில் குச்சியால் எச்சத்தின் மேல்தோலைச் சுரண்டி டியூப்பில் போட வேண்டும். பாதிதான் எடுக்கலாம், மற்ற விலங்குகள் அதை மோந்துதான் யார் வந்துபோனது என்று தெரிந்துகொள்கின்றன. டியூப்பின் மேல் தேதியும் இடமும் எழுத வேண்டும். நெடுமாறன் தன் போன் காட்டும் ஜிபிஎஸ் எண்களை எழுதுவார். குஞ்சம்மாளின் பட்டன் போனில் அதெல்லாம் வராது. அதனால் இடத்தின் பெயரையே எழுதினார். ஊமைச்சுனை, எலந்தை மேடு, மோர்க்காரிப் பாறை. ஆடு மேய்ப்பவர்கள் வைத்த பெயர்கள். எந்த வரைபடத்திலும் கிடையாது.

எதிர்வீட்டு அரிகிருஷ்ணனுக்கு இது தினப்படி வேடிக்கை. "எங்க ஊட்டு நாய் காலையிலயே போட்டு வச்சிருக்குது குஞ்சம்மா. சூடா இருக்குது, மெட்ராஸுக்கு அனுப்பு" என்பார்.

போன தை மாதம் மோர்க்காரிப் பாறையில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்த எச்சம் கிடந்தது. எலும்பை நொறுக்கித் தின்னும் விலங்குடையது என்று பார்த்ததுமே குஞ்சம்மாளுக்குத் தெரிந்தது. அனுப்பினார். கழுதைப்புலி என்று வந்தது.

மறுநாளே நெடுமாறன் வந்தார். இருவரும் எதிர்ப்பாறையில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். மோர்க்காரிப் பாறைக்குக் கீழே இருந்த குகையின் வாசலில் இரண்டு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளையாடிக்கொண்டிருந்தன. திரும்பும் வழியில் குஞ்சம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஊருக்குத் தெரிஞ்சா கொளுத்திடுவாங்க தம்பி. பிணம் தோண்டும், பிள்ளையத் தூக்கும்னு பேச்சு இருக்குது. நீ யாருக்கும் சொல்லக் கூடாது."

"சத்தியமா சொல்ல மாட்டேன் அக்கா. ரிப்போர்ட்ல கூட வெறும் நம்பர்தான் வரும்."

சொல்லிவிட்டு அவர் வீட்டிலேயே களி சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

பங்குனியில் ஒரு நாள் காலை அரிகிருஷ்ணன் பேப்பரோடு வந்தார். அதில் வந்த படத்தில் நெடுமாறன் சிரித்துக்கொண்டிருந்தார். செய்தியில் கழுதைப்புலி இருக்கும் இடம் 'செஞ்சி அருகே ஒரு மலை' என்று மட்டும் இருந்தது. ஆனால் படத்தில் அவர் தூக்கிப் பிடித்திருந்த டியூப்பின் மேல் 'மோர்க்காரிப் பாறை' என்று எழுதியிருந்தது. எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன.

"இது உன் எழுத்துதானே? பிள்ளை தூக்குற மிருகத்துக்கா இத்தினி நாளா காவல் இருந்த?" அரிகிருஷ்ணன் இந்த முறை சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாற்பது பேர் மலை ஏறினார்கள். குஞ்சம்மாள் முன்னால் போய் மறித்தார். ஆடு, கோழி எதுவும் இதுவரை காணாமல் போகவில்லையே என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். வைக்கோலைக் கொளுத்திக் குகைக்குள் தள்ளினார்கள். சரவெடி போட்டார்கள். சிலர் வீடியோ எடுத்தார்கள். விடிந்ததும் குஞ்சம்மாள் தனியாகப் போய்ப் பார்த்தார். வாசலில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது. தாயையும் இன்னொரு குட்டியையும் காணவில்லை.

போனில் நெடுமாறன் தடுமாறினார். திட்டம் நின்றுவிடும்போல இருந்தது, பேப்பரில் வந்தால் நல்லது என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள், படத்தை அவரே பார்த்துத்தான் கொடுத்தார். "எழுத்து தெரியுதுன்னு பார்த்தேன் அக்கா. நெட்ல தேடினேன், அப்படி ஒரு இடமே வரல. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"யாருக்கும் தெரியாதா? அப்ப நாங்கல்லாம் யாரு தம்பி?"

குஞ்சம்மாள் போனை வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கூரியரில் புது டியூப்புகள் வந்தன. கழுதைப்புலி இன்னும் அங்கே இருப்பதற்கு ஒரு சான்று வேண்டும், கிடைத்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா வைக்கலாம் என்றார் நெடுமாறன். பார்க்கிறேன் என்றார் குஞ்சம்மாள்.

ஆடியில் பார்த்தார். வேறொரு சரிவு, வேறொரு பாறை. வெள்ளை எச்சம், பக்கத்திலேயே அதே வெள்ளையில் சிறியதாக ஒன்று. அருகில் உட்கார்ந்து பார்த்தார். மூங்கில் குச்சியை எடுக்கவில்லை. பாதி, முழுசு எதையும் தொடாமல் ஆடுகளை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அந்தப் பாறைக்கும் ஒரு பெயர் உண்டு. அதை அவர் இன்றுவரை எங்கேயும் எழுதவில்லை.

மறுநாள் காலை அரிகிருஷ்ணன் வீட்டு வாசலுக்குப் போனார். முறைப்படி, கை படாமல், அங்கே கிடந்ததன் மேல்தோலைச் சுரண்டி டியூப்பில் போட்டார். 'மோர்க்காரிப் பாறை' என்று எழுதி அனுப்பினார்.

புரட்டாசியில் நெடுமாறன் கூப்பிட்டார். நாய் என்று வந்திருப்பதாகச் சொன்னார். பிறகு மெதுவாக, "மூணு வருஷத்துல நீங்க ஒரு தடவை கூடத் தப்பா எடுத்ததில்லையே அக்கா" என்றார்.

"வயசாயிடுச்சு தம்பி. வெள்ளை எது, கறுப்பு எதுன்னு கண்ணு தெரியல."

அடுத்த மாதத்துக்கு டியூப் அனுப்பட்டுமா என்று மட்டும் கேட்டார் நெடுமாறன்.

"அனுப்பு" என்றார் குஞ்சம்மாள். "நாய்க்கா இங்க பஞ்சம்?"