இரண்டாம் அறையின் பதினேழு பதிவுகள்

என் மேசை இழுப்பறையில் ஒன்பது பக்கத் தாள்கட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் ஒரு கையெழுத்து, அதன் கீழே இரண்டு புள்ளிகள். பச்சை மை எங்கள் ஊர்ப்பக்கம் தாசில்தாரும் தலைமையாசிரியரும் போடுவது. ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் மேலாளருக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவர் அந்தக் கம்பெனியை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. நானும் இப்போது கந்தர்வக்கோட்டையில் ஒரு முந்திரிக் கம்பெனியில் இருக்கிறேன். ஆனாலும் அந்தத் தாள்களைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. மாதம் ஒருமுறையாவது எடுத்துப் பார்ப்பேன். பிரியத்தால் அல்ல. அந்த மனிதர் விழுந்ததை இன்னொரு தடவை நினைத்துச் சந்தோஷப்படத்தான்.

கட்டுமாவடிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் எனக்குக் கணினி வேலை. கரையில் எடை போடுகிறவர்கள் செல்போனில் ஒரு செயலியில் பதிவார்கள். குளிர் அறைகளின் மீட்டர்கள் தம்பாட்டுக்கு வேறொரு கணினிக்கு எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும். லாரிகளுக்குத் தனியாக ஒரு மென்பொருள். மூன்றும் ஒன்றோடொன்று பேசாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்றிலிருந்தும் தகவலை இழுத்து ஒரே இடத்தில் சேர்த்து, இந்த நிமிடம் எந்த இறால் எந்த அறையில் எவ்வளவு குளிரில் கிடக்கிறது என்று காட்டும் தொகுப்பை நான் கட்டினேன். தொழிலில் அதை ஆபரேஷனல் டேட்டா ஸ்டோர் என்பார்கள். நாங்கள் நடப்புக் கிடங்கு என்று கூப்பிட்டோம். அதில் நடப்பு மட்டும்தான் இருக்கும். புது எண் வந்தால் பழைய எண் அழிந்துவிடும். ஒரே விஷயத்துக்கு இரண்டு இடங்களிலிருந்து இரண்டு எண்கள் வந்தால் எதை எடுத்துக்கொள்வது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். "மீட்டரு பழுதாப் போச்சுன்னா என்னம்மா செய்வ?" என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் கையால் பதிவது மீட்டரை மீறும் என்று விதி எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாம் குளிர் அறையைப் பார்த்துக்கொண்டவர் கட்டுமாவடிக்கார அக்கா ஒருவர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், காலில் ஆண்கள் போடும் தடித்த சாக்ஸ், தலையில் துண்டு. மோட்டார் சத்தத்தைக் கேட்டே அது திணறுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். நான் அங்கே சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எல்லோருக்கும் நான் மேடம், அவருக்கு மட்டும் தங்கச்சி. அவருடைய மதியச் சாப்பாட்டில் எனக்கென்று இரண்டு துண்டு வறுவல் தனியாக இருக்கும்.

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு என் மேசைக்கு வந்தார். "தங்கச்சி, ரெண்டாம் ரூம்ல மோட்டாரு இழுக்குது. குளிரு நிக்க மாட்டேங்குது. மேனேஜருக்கிட்ட சொல்லிட்டேன். நீயும் ஒருதரம் பாத்து வையி" என்றார். பார்த்தேன். மைனஸ் பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் எட்டு. அடுத்த ஐந்தாவது நிமிடம் மைனஸ் பதினெட்டு என்று மாறியது. எந்த மோட்டாரும் ஐந்து நிமிடத்தில் அப்படித் தேறாது. மேலாளர் தன் அறையில் உட்கார்ந்து கையால் தட்டிவிட்டிருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அன்றைக்கு ஏற்றிய லாரி நான்காம் நாள் அப்படியே திரும்பி வந்தது. இறால் நொந்து கெட்டுப்போயிருந்தது.

முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து விசாரித்தார். "கதவத் தெறந்து போட்டுட்டு அந்தம்மா போன்ல பேசிக்கிட்டு நின்டுச்சு சார்" என்றார் மேலாளர், கூசாமல். முதலாளி என்னிடம் திரும்பினார். நடப்புக் கிடங்கில் மைனஸ் எட்டு அழிந்து போயிருந்தது. மீட்டர்க் கணினியும் ஒரு நாளுக்கு மேல் எதையும் வைத்திருக்காது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "சிஸ்டத்துல மைனஸ் பதினெட்டுன்னுதான் சார் இருக்கு" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். மதியமே அவரை அனுப்பிவிட்டார்கள்.

அந்த மனிதரை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். என் மேலும் எனக்கு ஆத்திரம் இருந்தது. அதையும் சேர்த்து அவர் தலையிலேயே ஏற்றினேன். நடப்புக் கிடங்கை வேகப்படுத்துகிறேன் என்று சொல்லிப் புது வடிவமைப்பு ஒன்று எழுதினேன். இனிமேல் எந்த எண்ணும் அழியாது. மீறப்பட்ட எண், மீறியவர் பெயர், நேரம் மூன்றும் ஓரமாகத் தங்கும். வழக்கமான திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. ஆய்வுக்கு வருகிறவர்களுக்கென்று மேலாளரே ஆசைப்பட்டுக் கேட்ட பெரிய திரையில் மட்டும் இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் வரும். இதை ஆறாம் பக்கத்தில் எழுதினேன். முதல் பக்கத்துக்கு மேல் எதையும் படிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஒன்பது பக்கத்திலும் பச்சை மையால் போட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் நான்கு மாதம் காத்திருந்தேன். ஒரு காலை கூட வணக்கம் சொல்லத் தவறவில்லை. ஒருமுறை பொய்யைத் தட்டிப் பழகிய விரல் சும்மா இருக்காது. ஒவ்வொரு தடவை அவர் தட்டும்போதும் என் பட்டியலில் ஒன்று கூடும், எனக்கு உள்ளே குளிரும்.

வாங்குகிற கம்பெனியிலிருந்து மூன்று ஆய்வாளர்கள் வந்த நாளில் இரண்டாம் அறை மோட்டார் மறுபடி திணறியது. பெரிய திரையைப் போட்டார்கள். முதலாளியும் இருந்தார். 'இரண்டாம் அறை: மைனஸ் 18, மேலாளர் பதிவு. மீட்டர்: மைனஸ் 11.' ஆய்வாளர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்தார். மேலாளர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது?" என்றார். "டிசைன்ல இருக்கு சார். ஆறாம் பக்கம். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றேன். இதற்கு முன் எத்தனை தடவை இப்படி நடந்தது என்று ஆய்வாளர் கேட்டார். நான் பட்டியலைத் திறந்தேன். பதினேழு. மேலாளர் முகம் வெளுத்ததைக் கண்குளிரப் பார்த்தேன். எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். அன்று பிற்பகல் தன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஜன்னலில் நின்று கடைசி வரை பார்த்தேன்.

அந்த அக்காவைத் திரும்ப வரச் சொல்லுங்கள் என்று முதலாளியே சொன்னார். மறுநாளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கட்டுமாவடிக்குப் போனேன். கரையில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க மேடம்" என்றார். அந்த மேடத்தை நான் கண்டுகொள்ளவில்லை. அவ்வளவு உற்சாகத்தில் இருந்தேன். பச்சை மை, ஆறாம் பக்கம், பெரிய திரை என்று நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். "பதினேழு தடவக்கா! ஒண்ணு விடாம எண்ணி வச்சுப் புடிச்சுட்டேன்" என்றேன்.

அவர் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார். "எனக்கப்புறம் அந்த ரூம்ல யாரு நின்டா?" என்று கேட்டார்.

மீமிசல் பக்கத்துப் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி என்றேன்.

"பதினேழு தடவையில ஒரு லாரி திரும்பியிருந்தா அவளத்தான அனுப்பியிருப்பாக?"

நான்கு மாதத்தில் அந்தப் பெண்ணை ஒருநாள் கூட நான் நினைத்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது மேலாளரின் பொய்கள். அவை கூடக் கூட நல்லது என்றுதான் இருந்தேன்.

"அவரு மறைச்சாரு. நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க. அன்னிக்கும் பாத்தீங்க, அதுக்கப்புறமும் பாத்தீங்க. ரெண்டு பேரும் அங்க இல்லைன்னா சொல்லுங்க மேடம், நான் வாரேன்" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. மறுபடி குனிந்து கருவாட்டைத் திருப்ப ஆரம்பித்தார். பழிவாங்குகிற ருசி தெரிந்தவள் நான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. மேலாளர் மேல் எனக்கிருக்கும் வெறுப்பு இன்றைக்கும் ஒரு துளி குறையவில்லை. அது வேறு.

சனிக்கிழமை விலகல் கடிதம் கொடுத்தேன். முதலாளி இரண்டு தடவை காரணம் கேட்டார். இரண்டாம் அறைக்குப் பழைய ஆள் திரும்பி வருகிறார் என்று மட்டும் சொன்னேன்.