கேட்ச் அப்பும் புளியோதரையும்

ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் என்னை அதிகம் படுத்தியது 'கேட்ச் அப்'. அலுவலகத்தில் மேலாளர் காலண்டரில் 'குவிக் கேட்ச் அப்' என்று போட்டால், வேலை எங்கே நிற்கிறது என்று கேட்கப்போகிறார். பள்ளியில் ஆசிரியை சொன்னால், பிள்ளை கணக்கில் பின்தங்கியிருக்கிறாள். ஞாயிறு முழுக்கத் தூங்கிவிட்டு, தூக்கத்தைக் கேட்ச் அப் பண்ணினேன் என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். இதையெல்லாம் சமாளித்துவிட்டேன். பிரியும்போது சொல்கிறார்களே, 'வீ மஸ்ட் கேட்ச் அப்', அதுதான் பிடிபடவில்லை. மறுபடி சந்திக்க வேண்டும் என்று பொருள். எப்போது, எங்கே, யார் வீட்டில் என்பதெல்லாம் அதில் கிடையாது.

சிட்னியில் எங்கள் வீடு டூங்காபியில். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரியிடம் கேட்டேன்.

"அது சும்மா சொல்லுறது பிள்ளை. நம்பி வெளிக்கிட்டுப் போயிடாதேங்கோ," என்றார்.

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? கல்யாண மண்டபத்து வாசலில் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று நாம் சொன்ன அத்தனை பேரும் வந்திருந்தால் உட்கார வைக்க இடமிருக்காது.

அதனால் என் தோழியே அதைச் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் பெண்ணும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. தினமும் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பேசுவோம். இந்த நாட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தச் சில நிமிடங்களில்தான். வெள்ளைக்காரிதான், ஆனால் மாமியாரைக் குறை சொல்வதில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். அவள் கணவருக்கு வேலை மாறி, தெற்கே ஒரு கடலோர ஊருக்குக் குடிபோனார்கள். கட்டிப்பிடித்து, 'வீ மஸ்ட் கேட்ச் அப்' என்றாள். புது விலாசத்தை அனுப்பினாள். அதன்பிறகு மாதக்கணக்கில் அதே வாக்கியத்தையே மெசேஜில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்படியே போனால் இவள் எனக்கு இல்லாமலே போய்விடுவாள் என்று பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தோம். தரிசனம் முடித்து கேன்டீனில் புளியோதரை வாங்கும்போதுதான், அவள் ஊர் இங்கிருந்து அரை மணி நேரம்தான் என்பது உறைத்தது. கூடுதலாகச் சில பொட்டலங்கள் வாங்கினேன்.

"போன் பண்ணிட்டியா?" என்றார் கணவர்.

"பண்ணினா, இன்னொரு நாள் பாக்கலாம்னு சொல்லிடுவா. கோயிலுக்கு வந்தோம், அப்படியே எட்டிப் பாத்தோம்னு சொல்லிக்கலாம்."

நம் ஆட்களுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? பிரசாதத்தோடு வருகிறவர்களை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. பட்டுப்புடவையும் நெற்றியில் குங்குமமுமாக அழைப்பு மணியை அழுத்தும்வரை எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

கதவு பாதிதான் திறந்தது. பைஜாமாவில், வாராத தலையோடு நின்றாள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை, சும்மா வந்தோம் என்றேன். சும்மாவா என்று என் பட்டுப்புடவையை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவுதானா நீ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, பொட்டலங்களை அவள் கையில் திணித்துவிட்டு வந்த வழியே போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டார். எங்கள் பிள்ளைகள் இருவரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் உள்ளே விட்டாள்.

கூடத்தில் சுவரோரம் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். எங்களை அங்கேயே விட்டுவிட்டு அறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. கோபம் என்றே முடிவுகட்டினேன். திரும்பி வந்தபோது தலை வாரியிருந்தாள், கண் சிவந்திருந்தது. இங்கே வந்ததிலிருந்து பார்சல் கொண்டுவருகிறவனைத் தவிர இந்தக் கதவை யாரும் தட்டவில்லை என்றாள். கிளம்பும்போது எல்லோரிடமும் கேட்ச் அப், கேட்ச் அப் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். ஒருவரும் வரவில்லை. வீடு கிடக்கிற கிடையை நீ பார்க்கிறாயே என்ற வெட்கத்தில்தான் அப்படிப் பேசிவிட்டேன் என்றாள். எனக்கும் கண்ணில் நீர் முட்டிவிட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஆளுக்கொரு பெட்டிமேல் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். வறுத்த மிளகாயைத் தெரியாமல் கடித்துவிட்டு மாமியாரைத் திட்டினாள். அந்த அம்மாளுக்கும் மிளகாய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புரையேறும்வரை சிரித்தோம்.

கிளம்பும்போது கார் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, உங்களுக்கு அடுத்து எப்போது கோயில் என்று கேட்டாள்.

"நெக்ஸ்ட் சாட்டர்டே," என்றேன்.

கணவர் என் பக்கம் திரும்பினார். "அடுத்த சனிக்கிழமை என்ன விசேஷம்?"

"பெருமாளுக்கு எல்லாச் சனிக்கிழமையும் விசேஷந்தான். நீங்க வண்டிய எடுங்க."