கோடு

முருகலட்சுமிக்கு வழவழப்பான தரை என்றாலே பயம். படகுத்துறையில் வழுக்கி விழுந்துதான் அவள் புருஷன் செத்தான். அன்றிலிருந்து தான் பூசுகிற ஒவ்வொரு தரையிலும், சிமெண்ட் காயுமுன் விளக்குமாற்றால் கோடு இழுத்துவிடுவாள்.

மண்டபம் ஊரில் காலி மனைகளைச் சேர்த்து, பிள்ளைகள் சக்கரப் பலகையில் சறுக்கி விளையாட ஸ்கேட்டிங் பள்ளம் கட்டியபோதும் பூச்சு அவள்தான்.

"கண்ணாடியா இருக்கணும்க்கா. கோடு கீடு இழுத்துறாதீக" என்றான் இன்ஜினியர்.

கை கேட்கவில்லை. சரிவின் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் யாருக்கும் தெரியாமல் இழுத்தாள். ஓவியர்கள் அதன்மேல் நீலத் திருக்கை மீன் வரைந்ததும் கோடுகள் கண்ணுக்கு மறைந்தன.

திறப்பு நாளில் இன்ஜினியர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது: "சொரசொரப்புல சக்கரம் மாட்டுனா தலைகுப்புறத்தான்."

மேலே, சரிவின் விளிம்பில், சக்கரப் பலகையில் அவள் மகள் யுவராணி.

"ஏத்தா, எறங்காத!" என்று கத்தினாள் முருகலட்சுமி.

அம்மாவுக்கு எப்போதும் உள்ள பயம்தானே என்று கையாட்டிவிட்டு, யுவராணி திருக்கையைப் பார்த்துச் சறுக்கினாள்.